ஸ்கீயா, ஸ்னோபோர்டா, எந்தப் பனியில் எது? மலை ரிசார்ட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை 9 மணிக்கு நீங்கள் இறங்கும் சறுக்குதடமும் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் அதே தடமும் ஒன்றல்ல. இரவில் சமன்படுத்தும் வண்டிகள் ஓடியதால் காலையில் பனி இறுகி, மேலிருந்து கீழ்வரை மெல்லிய வரிகளோடு கிடக்கும். மதியத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி அந்தப் பரப்பைக் கிளறிவிடுவார்கள். உதிர்ந்த பனி மேடுமேடாகக் குவியும். மேடுகளுக்கு நடுவே, சுரண்டப்பட்ட இடங்களில் வழுக்கும் பனிக்கட்டி தலைகாட்டும். வெயில் விழும் பக்கத்திலோ பனி உருகிக் கூழாகிவிடும்.

ஆனாலும் ரிசார்ட்டுக்குப் போகிற பலர் தடத்தின் கடினத்தைக் காட்டும் வரைபடத்து நிறங்களை வைத்தே திட்டம் போடுகிறார்கள்: நேற்று நீலம், இன்று சிவப்பு, நாளை கறுப்பு. இந்தக் கணக்கு பெரும்பாலும் முழங்காலில் போய் முடியும். மணி என்ன, பனி எப்படி, காலில் எவ்வளவு வலு மிச்சம் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரே லிஃப்ட் பாஸில் நாலைந்து விளையாட்டுகள் கிடைக்கும். அதற்கு முதலில் கருவி காலில் சரியாக உட்கார வேண்டும், நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை மாட்டும் ஸ்கீயில் முதல் நாள் சுலபம், பிறகு முன்னேற்றம் மெதுவாகும். இரண்டு கால்களும் தனித்தனியாக இயங்குவதால் தடுமாறினாலும் ஒரு காலை வைத்துச் சமாளிக்கலாம்; முகம் போகும் திசையைப் பார்த்தே இருக்கும். இரு கால்களையும் ஒரே பலகையில் மாட்டும் ஸ்னோபோர்டில் நேர்மாறு. முதல் இரண்டு மூன்று நாட்கள் விழுந்து எழுவதிலேயே போகும். திருப்பங்களைக் கோத்து இறங்கத் தெரிந்துவிட்டால் அதன்பின் வளர்ச்சி வேகமாக வரும்.

இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்கீ எடுங்கள். ஒரு வாரம் இருந்தால் எதுவும் சரி. ஸ்கீயில் அதிகம் அடிபடுவது முழங்கால், அடுத்து கட்டைவிரல். ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் வாலெலும்பும். பழைய காயம் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். தட்டையான இணைப்புப் பாதைகள் நிறைய உள்ள ரிசார்ட்டில் ஸ்னோபோர்டு எரிச்சலூட்டும், ஏனென்றால் ஊன்றித் தள்ளக் கையில் கோல் கிடையாது. எதைத் தேர்ந்தாலும் முதல் மூன்று நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டிலும் முதல் நாள் வலி மட்டுமே மிஞ்சும்.

பூட் தேர்வுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

வாடகைக் கடையில் எல்லோரும் ஸ்கீயின் பளபளப்பைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது காலணியை, அதாவது பூட்டை. கால் கொடுக்கும் கட்டளை ஸ்கீக்குப் போய்ச் சேர்வது அதன் வழியாகத்தான்.

1. குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஸ்கீ பூட்டின் அளவு எண் அதுதான்: பாதம் 26.5 செ.மீ. என்றால் 26.5. உங்கள் வழக்கமான செருப்பு எண்ணை மறந்துவிடுங்கள்.
2. உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்சுவரைத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால் பூட் பெரிது.
3. முழங்கால்வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. உள்கால்சட்டையின் நுனி, பேன்ட்டின் பனித்தடுப்பு எதுவும் பூட்டுக்குள் போகக் கூடாது. அந்த மடிப்புதான் மாலையில் கணைக்கால் எலும்பில் ரத்தம் கட்ட வைக்கும்.
4. குதிகாலைத் தரையில் தட்டி, கால் பின்னுக்குப் போய் உட்கார்ந்தபின் கணுக்கால், கணைக்கால் பக்கக் கொக்கிகளை முதலில் மாட்டுங்கள். விரல் பக்கக் கொக்கிகள் திறந்துகொள்ளாத அளவுக்கு மட்டும் போதும்.
5. நேராக நின்றால் விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கிக் கணைக்காலை முன்னே அழுத்தினால் விரல்கள் பின்னுக்கு விலக வேண்டும், குதிகால் எழக் கூடாது.
6. பத்து நிமிடம் அப்படியே நடமாடுங்கள். அழுத்தம் இருக்கலாம், ஒரே புள்ளியில் குத்தல் இருந்தால் மாற்றுங்கள்.

பெரும்பாலான தவறு ஒன்றே ஒன்று: "வசதியாக இருக்கட்டும்" என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது. உள்ளே கால் அலையும், அதை நிறுத்தக் கொக்கியை இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் மரத்துக் குளிரும். பிறகு பழி வானிலைமேல் விழும். இரண்டு முறை, மூன்று முறை மாற்றக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கடைக்காரருக்கு இது அன்றாட வேலை.

தொடக்கநிலை ஸ்கீயின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் இடையே நின்றால் போதும். நடுப்பகுதி அகலம் 70 முதல் 80 மி.மீ. கோலைத் தலைகீழாகப் பிடித்து, வட்டுக்குக் கீழே கையை வைத்தால் முழங்கை 90 டிகிரியில் நிற்க வேண்டும். பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்புதான் பைண்டிங்; விழும்போது ஸ்கீ காலைவிட்டுக் கழல்வதற்கான அதன் எண், டின் எண் என்பார்கள், உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இங்கே பெருமைக்காகத் திறமையைக் கூட்டிச் சொன்னால் எண் உயரும். மெதுவாக முறுக்கிக்கொண்டு விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும். நடப்பதற்கு வசதியாக வளைந்த அடிப்பகுதி கொண்ட கிரிப்வாக் வகைப் பூட் எல்லாப் பைண்டிங்கிலும் பொருந்தாது. சொந்தப் பூட் கொண்டுபோகிறவர்கள் இதைக் கடையில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஸ்னோபோர்டு பூட் மென்மையானது. அதில் ஒரே சோதனை: முன்னங்காலில் எம்பினால் குதிகால் மேலே எழக் கூடாது. பலகையின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் இடையே. பூட் பலகையின் ஓரத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சாயும்போது பனியில் இழுபடும். பாதம் பெரியவர்கள் அகலப் பலகை கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கால் முன்னே என்பதற்கு, சாக்ஸ் போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகும் கால்தான் முன்கால். இடது முன்னே என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. பைண்டிங் கோணம் முன்னே +15, பின்னே –6 முதல் –15 வரை; இரண்டுக்கும் நடுவே தோள் அகல இடைவெளி.

உடை, கண், தோல்

பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, வடத்தில் தொங்கியபடி மேலே ஏற்றும் இருக்கையான சேர்லிஃப்ட்டில் உட்கார்ந்ததும் உடலைக் குளிர்விக்கும். உடலோடு ஒட்டிய மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் நின்று முடிவெடுக்காதீர்கள்.

அதே 1000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். அதனால் தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துவாரத்தின் விளிம்பு வரைக்கும் சன்ஸ்கிரீன் தேவை, மேகமூட்டத்திலும். காகிள்ஸ் கண்ணாடியில் எஸ்1 மங்கலான நாளுக்கு, எஸ்3 நல்ல வெயிலுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2. ஹெல்மெட்டில் ஈஎன் 1077 முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் அந்த இரண்டும் சேராது.

வரைபடமும் லிஃப்ட்டும்

ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸ் போன்ற இடங்களில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். நிறம் தடத்தின் சரிவைச் சொல்கிறதே தவிர அன்றைய பனியைச் சொல்வதில்லை. காலையில் உறைந்து கிடக்கும் நீலத் தடம், புதுப்பனி விழுந்த சிவப்பைவிடக் கொடுமையானது. ரிசார்ட்டுக்கு ரிசார்ட் அளவுகோலும் மாறும். ஆகவே புதிய இடத்தில் முதல் இறக்கம், ஏற்கெனவே பழகிய நிறத்துக்கு ஒரு படி கீழே இருக்கட்டும்.

வரைபடத்தில் தேட வேண்டியவை வேறு: எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த இணைப்பு தட்டையானது, எந்த லிஃப்ட் எத்தனை மணிக்கு மூடும், மூடிய கூண்டு லிஃப்ட்டான கோண்டோலாவில் கீழே இறங்கவும் அனுமதி உண்டா. கடைசிக் கேள்விக்கு விடை "உண்டு" என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

சேர்லிஃப்ட்டில் ஏறும்போது கோல்களின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டில் நின்று பின்னால் திரும்பி இருக்கையைப் பாருங்கள், அது தொட்டதும் உட்காருங்கள், பிடிகம்பியை இறக்குங்கள். இறங்குமிடத்தில் ஸ்கீ முனைகளைத் தூக்கி, எழுந்து, நேராகச் சறுக்கி விலகுங்கள். அங்கேயே நின்று கையுறை மாட்டுகிறவர்மேல்தான் அடுத்த இருக்கைக்காரர் வந்து மோதுவார். ஸ்னோபோர்டில் பின்காலைக் கழற்றிவிட்டே ஏற வேண்டும். இறங்கும்போது அந்தக் காலைப் பின்பைண்டிங்கை ஒட்டிப் பலகைமேல் வைத்து, எழுந்து, திரும்ப முயலாமல் நேராகப் போங்கள்.

கயிற்றில் தொங்கி ஆளை இழுத்துச் செல்லும் 'டி' வடிவக் கம்பிதான் டி-பார்; அது இருக்கை அல்ல. உட்கார்ந்தால் கயிறு நீண்டு நீங்கள் தரையில் இருப்பீர்கள். நின்றபடி இடுப்பில் தாங்கி இழுபட வேண்டும், அவ்வளவே. ஸ்னோபோர்டுக்காரர்கள் அதன் ஒரு கையைத் தொடைகளுக்கு நடுவே, முன்காலின் உட்பக்கமாகச் செருகிக்கொள்வார்கள். விழுந்தால் விட்டுவிட்டு உடனே பாதையிலிருந்து உருண்டு விலகுங்கள்.

ஸ்கீயில் முதல் நாள்

1. தட்டையான இடத்தில் ஒரு ஸ்கீ மட்டும் மாட்டித் தள்ளித் தள்ளிச் சறுக்குங்கள், கால் மாற்றுங்கள், பிறகு இரண்டும். சரிவுக்குக் குறுக்கே நின்று பக்கவாட்டில் படியேறுவதையும் இங்கேயே பழகுங்கள்.
2. கீழே தானாக நின்றுவிடும் அளவுக்குத் தட்டையாக முடியும் சிறு சரிவில் நேராக இறங்குங்கள். கணைக்கால் பூட்டின் முன்நாக்கை அழுத்தியபடி, கைகள் முன்னே, பார்வை தூரத்தில்.
3. ஸ்னோபிளவ்: முன்முனைகள் ஒரு கையகல இடைவெளியில் இருக்க, பின்முனைகளை அகட்டுங்கள். உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கும். அகலம் கூடக் கூட நிறுத்தம் வலுக்கும்.
4. அதே நிலையில் இடது காலில் எடையைக் கூட்டினால் வலப்பக்கம் திரும்பும். வலது காலில் கூட்டினால் இடப்பக்கம். உடலைத் திருகத் தேவையில்லை.
5. முன்கூட்டிக் குறித்த இடத்தில் அடுத்தடுத்து மூன்று முறை நிற்க முடிந்த பிறகே சேர்லிஃப்ட்.

தொடங்குபவர் எல்லோரும் செய்யும் பிழை பின்னால் சாய்வது. பயத்தில் உடல் தானாகப் பின்வாங்கும். ஆனால் எடை குதிகாலுக்குப் போனதும் ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பிடிப்பதை விட்டுவிடும். திருப்பம் வராது, வேகம் ஏறும், பயம் இன்னும் கூடும். கணைக்கால் பூட்டை அழுத்துகிறதா என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பக்கச்சறுக்கைப் படியுங்கள்: சரிவுக்குக் குறுக்கே நின்று, மலைப்பக்க விளிம்புகளைக் கொஞ்சம் தளர்த்தினால் பக்கவாட்டில் கீழே நழுவுவீர்கள், விளிம்பைத் திருப்பி ஏற்றினால் நிற்பீர்கள். பார்க்க அழகில்லை, யாரும் படம் எடுக்க மாட்டார்கள். தவறிப்போய்ச் செங்குத்தான தடத்தின் தலையில் வந்து நின்றுவிட்டால் உங்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுசேர்ப்பது இதுதான்.

விழுந்தால் ஸ்கீகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடலுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டு எழுங்கள். ஸ்கீ கீழ்நோக்கி இருக்க எழ முயன்றால் பாதி எழும்போதே புறப்பட்டுவிடும்.

ஸ்னோபோர்டில் முதல் நாள்

முன்கால் மட்டும் மாட்டிப் பின்காலால் உந்திச் செல்லும் பயிற்சிக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். லிஃப்ட் வரிசையில் நாள் முழுக்க அதுதான் நடை. அதன்பின் இரு கால்களையும் மாட்டி, கீழே பார்த்தபடி குதிகால் விளிம்பில் நின்று, கால்விரல்களை மேலே தூக்கிப் பக்கவாட்டில் நழுவுங்கள். அடுத்து மலையைப் பார்த்தபடி விரல் விளிம்பில், கணைக்காலைப் பூட்டில் அழுத்தி அதையே செய்யுங்கள். இரண்டும் வந்தபின், பார்வையையும் எடையையும் ஒரு காலின் பக்கம் மாற்றினால் பலகை அந்தப் பக்கமாகச் சாய்வாக இறங்கும். மறு காலுக்கு மாற்றினால் திரும்பி வரும். விளிம்பை மாற்றாமலே இப்படி ஊசலாடி முழுச் சரிவையும் இறங்கிவிடலாம்.

திருப்பத்துக்கு: எடையை முன்காலில் போட்டு, பலகை மெல்லக் கீழ்நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருந்து, அது நேராகக் கீழே பார்க்கும் கணத்தில் புதிய விளிம்புக்கு மாறுங்கள். அந்த ஒரு வினாடி நேர்ச்சறுக்குதான் எல்லோரையும் அச்சுறுத்துகிறது. அதைத் தவிர்க்கப் பின்காலில் சாய்ந்து பலகையை உதைத்துத் திருப்பப் பார்ப்பார்கள். பலகை பாதியில் நின்றுவிடும், கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்தும், உடல் மட்டும் பயணத்தைத் தொடரும். பலகை குறுக்காக நழுவும்போது கீழ்ப்பக்க விளிம்பு ஒருபோதும் பனியைத் தொடக் கூடாது. ஸ்னோபோர்டில் பலத்த அடி விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

விழப் பழகுவதும் பாடத்தில் சேர்த்தி. பின்னால் என்றால் தாழ்ந்து உட்கார்ந்து உருளுங்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள். முன்னால் என்றால் முழங்கால், பிறகு முன்கை. விரித்த உள்ளங்கையை நீட்டினால் மணிக்கட்டு முறியும். விரல்களை மூடியே வையுங்கள். மணிக்கட்டுக் காப்பும் பஞ்சு வைத்த உள்ளாடையும் முதல் வாரத்துக்கு நல்ல முதலீடு.

மணிக்கு ஏற்ற இன்பம்

திருப்பங்கள் கைவந்தபின் மலை திறந்துகொள்கிறது. இனி நாளை நேரத்தால் பிரியுங்கள்.

திறந்ததிலிருந்து முதல் ஒன்றரை மணி நேரம், வழுக்காமல் விளிம்பில் சாய்ந்தே திரும்பும் கார்விங்குக்கு. இறுகிய வரிப்பனி, காலியான தடம், சோர்வில்லாத கால். ஸ்கீயின் பக்கவாட்டு வளைவே அதைத் திருப்பும்; நீங்கள் செய்ய வேண்டியது சாய்ப்பது மட்டும். எளிய, அகலமான நீலத் தடத்தில் கால்களை இடுப்பகலம் வைத்து, இரு கணுக்கால்களையும் முழங்கால்களையும் ஒரே பக்கம் உருட்டிக் காத்திருங்கள். ஸ்கீயைத் திருகாதீர்கள். நின்று பின்னால் திரும்பித் தடத்தைப் பாருங்கள்: பென்சிலில் போட்டதுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தால் கார்விங். அகலமாகப் பூசினதுபோல் இருந்தால் இன்னும் வழுக்குகிறீர்கள். ஸ்னோபோர்டில் ஒரே கோடு. கார்விங்கில் வேகம் சட்டென ஏறுவதால் ஒவ்வொரு திருப்பத்தையும் சற்று மலையை நோக்கி ஏறும்வரை முடியுங்கள்; அதுதான் பிரேக்.

தூரம் பிடித்தவர்களுக்கு வளையப் பயணம். இத்தாலியின் டோலமைட் மலைகளில் சேல்லா பாறைத்தொகுதியைச் சுற்றிவரும் சேல்லா ரோண்டா இதற்குப் பெயர்போனது: கார்டேனா, கம்போலோங்கோ, பொர்டோய், சேல்லா என நான்கு கணவாய்கள், லிஃப்ட்டும் சேர்த்து ஏறத்தாழ 40 கி.மீ.; கடிகாரத் திசைக்கு ஆரஞ்சுப் பலகை, எதிர்த்திசைக்குப் பச்சை. இடைநிலைக்காரர்களே முடிக்கலாம். காலை 10 மணிக்குள் புறப்பட்டு, பிற்பகல் மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். லிஃப்ட் மூடிவிட்டால் நீங்கள் நிற்பது வேறு பள்ளத்தாக்கு, திரும்ப டாக்சிதான். பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியிலும் இதே கணக்கு பொருந்தும், அங்கே தடங்கள் மொத்தம் 600 கி.மீ.

வசந்தகாலத்தில், மார்ச் முடிவிலிருந்து, விதி மாறும். இரவில் உறைந்த பரப்பு காலையில் கல். வெயில் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டரை இளக்கும் நேரத்தில் மணிமணியான பனி கிடைக்கும், சறுக்க அதற்கு இணை இல்லை. அந்த நேரம் சரிவுக்குச் சரிவு வேறு: முதலில் கிழக்கு, பிறகு (வட அரைக்கோளத்தில்) தெற்கு, பிற்பகலில் மேற்கு. சூரியனைப் பின்தொடர்ந்து லிஃப்ட்டை மாற்றிக்கொண்டே போங்கள். கணுக்கால்வரை புதைய ஆரம்பித்தால் அந்தச் சரிவின் நேரம் முடிந்தது.

மதிய மேடுகளைச் சபிப்பதைவிட மோகல், அதாவது மேட்டுச் சறுக்கல், பயிற்சியாக மாற்றலாம். மேட்டின் தலையில் கோலை ஊன்றி, அதன் தோளைச் சுற்றித் திரும்பி, பள்ளத்தில் காலை நீட்டி, மேட்டில் முழங்காலை மடக்குங்கள். தலை ஒரே உயரத்தில் போக வேண்டும். மூன்று மேடு தாண்டி நிற்பது என்று தொடங்குங்கள். முழங்கால் முணுமுணுத்தால் விடுங்கள்.

தாவல்களும் சறுக்குக் கம்பிகளும் அமைத்த டெரைன் பார்க்கில் எஸ், எம், எல் என அளவுகள் எழுதியிருக்கும். முதல் சுற்றில் எதிலும் ஏறாமல் ஓரமாகப் போய்ப் பாருங்கள்: ஏறுமிடம், எவ்வளவு வேகத்தில் மற்றவர்கள் வருகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள். தாவலில் ஆபத்து உயரத்தில் இல்லை, இறங்குமிடத்தில். சரிவில் இறங்கினால் அதிர்ச்சி வழுக்கிப் போய்விடும்; வேகம் குறைந்து தட்டைப் பகுதியில் விழுந்தால் முழு எடையும் முழங்காலில். ரெயில் எனும் ஒடுங்கிய கம்பிக்கு முன், பாக்ஸ் எனும் அகலமான மேடையில் பழகுங்கள். அதன்மேல் அடிப்பரப்பு முழுதும் பட நிற்க வேண்டும், விளிம்பை ஏற்றினால் கால் பறந்துவிடும். புறப்படும்போது கையைத் தூக்கியோ குரல் கொடுத்தோ தெரிவியுங்கள், இறங்கியதும் விலகுங்கள்.

புதுப்பனி விழுந்த காலை வந்தால் மேற்சொன்ன திட்டம் எல்லாம் தள்ளுபடி. ஸ்கீக்காரர்கள் இரு கால்களிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து, கால்களை நெருக்கி, தாளமாகத் திரும்ப வேண்டும். பின்னால் சாய வேண்டும் என்பது பழைய ஸ்கீ காலத்து அறிவுரை, இப்போது அது தொடையை எரிக்கத்தான் உதவும். நடுப்பகுதி 95 மி.மீ.க்கு மேல் அகலமான ஸ்கீயை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஸ்னோபோர்டில் பைண்டிங்குகளை 2 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினால் முனை மேலே நிற்கும். தட்டையில் மட்டும் நிற்காதீர்கள், திரும்பப் புறப்படுவது பெரும்பாடு. ஆழப்பனியில் கழன்ற ஸ்கீ பெரும்பாலும் நீங்கள் கிடக்கும் இடத்துக்கு மேலே, விழத் தொடங்கிய இடத்தருகே புதைந்திருக்கும். கோலைக் குறுக்குக் குறுக்காக இழுத்துத் தேடுங்கள்.

கால் ஓய்வு கேட்கும் நாளும் வீண் அல்ல. கிராஸ் கண்ட்ரி ஸ்கீயில் தடம் வெட்டிய பாதையில் நேராக நடைச்சறுக்கு. இதயத்துக்கு இதைவிட உழைப்பு வேறில்லை. பனிநடைச் சட்டங்கள் மாட்டிக் காட்டுப்பாதை நடக்கலாம். மரச் சறுக்குவண்டிக்கென்றே தனித் தடங்கள் உண்டு; அதில் ஹெல்மெட் அவசியம், ஸ்கீ தடத்தில் அதை ஓட்டக் கூடாது. விளக்கு போட்ட இரவுச் சறுக்கல் இருந்தால், பனி உறைந்து கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கூர்மையான விளிம்போடு போங்கள்.

கயிற்றுக்கு அப்பால்

தடத்தின் ஓரக் கம்பங்களைத் தாண்டினால், பத்தே மீட்டர் என்றாலும், பொறுப்பு உங்களுடையது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் கிளம்புகிறது, பெரும்பாலும் அதைக் கிளப்புவது சிக்கிக்கொள்பவரோ அவரது குழுவினரோ. ஐரோப்பிய அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றதும் பாதிதானே என்று எண்ணுவது கொல்லும் எண்ணம். அபாயம் படிக்குப் படி மடங்காக ஏறுகிறது, உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3-இல் நடக்கிறது.

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மூன்று ஆன்டெனா டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி), 240 செ.மீ. ஆவது நீளமுள்ள தேடுகோல், உலோக மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. கைபேசியை டிரான்ஸ்சீவரிலிருந்து சாதாரணமாக 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10-15 நிமிடங்களுக்குப் பிறகு செங்குத்தாகச் சரிகிறது. மீட்புக் குழு வருமுன் தோண்ட வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் நண்பர். அவருக்கும் கருவி பழகியிருக்க வேண்டும்.

காலடியில் "வுஃப்" என்று பனி அமுங்கும் ஓசை, ஸ்கீயிலிருந்து ஓடும் விரிசல், அருகே அன்றே விழுந்த சரிவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்புங்கள். மரங்களுக்கு இடையே பாதுகாப்பு என்று நம்பிப் போகிறவர்களுக்கு, மரத்தடியைச் சுற்றித் தளர்ந்த குழி காத்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியே வெளிவர முடியாது. பிரான்ஸில் ஷாமோனியின் வாலே பிளான்ஷ் போன்ற புகழ்பெற்ற இறக்கம், 3842 மீட்டர் உயர எகுயி து மிடி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ., பெரிய சாய்வில்லாததால் ஆசை காட்டும். அது பனியாற்றின்மேல் போகிறது, வெடிப்புகள் பனிப்பாலத்தால் மூடிக்கிடக்கும். சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

தடத்தில் சட்டம், விபத்தில் வரிசை

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து விதிகளின் அடிப்படை: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதானால் ஓரத்தில், மேலிருந்து தெரியும் இடத்தில். மேட்டுக்குக் கீழே மறைவில் அல்ல. புறப்படுமுன் மேலே பாருங்கள். ஸ்னோபோர்டுக்காரர்கள் குழுவாக நடுத்தடத்தில் உட்கார்ந்து கதைப்பது இந்த விதிக்கு நேர் எதிர்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால், முதலில் பத்து மீட்டர் மேலே இரண்டு ஸ்கீகளைப் பெருக்கல் குறியாக நட்டு வையுங்கள். பிறகு மீட்புப் பணியாளரை அழைத்துத் தடத்தின் பெயரையும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். ரிசார்ட்டின் அவசர எண்ணை காலையிலேயே கைபேசியில் போட்டு வைத்திருக்க வேண்டும், ஐரோப்பாவில் 112-உம் வேலை செய்யும். பூட்டையும் ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். ஜாக்கெட் போர்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருங்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்தால் "உதவி தேவை", ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் "தேவையில்லை". மலை மீட்பைச் சேர்த்த காப்பீடு எடுத்துப் போங்கள். இத்தாலியில் 2022 தொடக்கத்திலிருந்து மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தடத்தில் இறங்கவே அனுமதியில்லை.

இறங்கும் நேரம்

தொடை நடுங்க ஆரம்பித்தாலோ, காலையில் எளிதாக வந்த திருப்பம் இரண்டு முறை தவறினாலோ, அன்றைய கணக்கை முடித்துவிடுங்கள். பள்ளத்தாக்குக்கு இறங்கும் கடைசித் தடத்தில் பனி மோசம், கூட்டம் அதிகம், எல்லோர் காலும் சோர்ந்தது. கோண்டோலாவில் இறங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. தடம் மூடியபின் ஒருபோதும் இறங்காதீர்கள்: செங்குத்துச் சரிவில் சமன்படுத்தும் வண்டிகள் எஃகு வடத்தில் தொங்கியபடி வேலை செய்யும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் அந்த வடம் இருட்டில் தெரியாது, திடீரென்று பனியிலிருந்து இடுப்புயரத்துக்கு எழும்பும்.

அறைக்கு வந்ததும் விளிம்புகளைத் துணியால் துடைத்துவிடுங்கள், இரவில் துருப்பிடிக்காது. பூட்டின் உள்ளுறையை வெளியே இழுத்து மிதமான சூட்டில் உலர்த்துங்கள். ஹீட்டர்மேல் நேரடியாக வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். உலர்ந்ததும் உள்ளுறையைத் திரும்பப் பொருத்திக் கொக்கிகளை லேசாக மாட்டி வையுங்கள். திறந்தபடி விட்டால் ஓடு விரிந்த வடிவிலேயே குளிர்ந்து இறுகி, காலையில் கால் நுழையவே போராட வேண்டியிருக்கும்.